இரண்டாவது தொடுதல்: கண்ணில் வைத்த லென்ஸ் மங்கும்போது

வேத பகுதி: மாற்கு 8:22–25



கண்புரை அறுவை சிகிச்சை என்றால் என்ன என்பது உங்களில் அநேகருக்குத் தெரியும். அந்தச் சிகிச்சை முடிந்து மாதங்களும் வருஷங்களும் சென்றபின் வருகிற ஒரு காரியத்தை இம்முறை பாடமாக எடுத்துக்கொள்வோம்.

"ஆபரேஷன் பண்ணி உள்ளே லென்ஸ் வெச்சாங்க. ரெண்டு வருஷம் நல்லாத் தெரிஞ்சுது. இப்போ மறுபடியும் மூடாப்புப் போட்ட மாதிரி இருக்குது. பொரை திரும்ப வந்துடுச்சு." இப்படிச் சொல்லுகிற பெரியவர்கள் காசிமேட்டிலும் உண்டு, திருவொற்றியூரிலும் உண்டு, எண்ணூரிலும் உண்டு. இப்படிச் சொல்லிவிட்டுச் சிலர் மருத்துவமனைக்கு வருகிறார்கள். பலர் வயதின் மேல் பழியைப் போட்டு வீட்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். இதைக் கேள்விப்படும் சபையாரும், "அப்படியானால் நாம் கொடுத்தது வீணாய்ப் போயிற்றா?" என்று மனம் கலங்குகிறார்கள்.

வீணாய்ப் போகவில்லை. எடுத்த புரை திரும்ப வருவதுமில்லை. ஆனால் தொடங்கின வேலை இன்னும் முடியவில்லை. அதைத்தான் இந்த வேத பகுதியின் வெளிச்சத்தில் நாம் படிக்கப் போகிறோம்.

1. பெத்சாயிதாவில் நடந்தது

பெத்சாயிதா கலிலேயாக் கடலோரத்து ஊர். பேதுருவும் அந்திரேயாவும் பிலிப்புவும் அவ்வூராரே என்று யோவான் எழுதுகிறார் (1:44). வலையும் படகும் மீன்வாடையும் நிறைந்த ஊர் எப்படி இருக்கும் என்று ராயபுரத்து ஜனங்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. அங்கே பார்வையற்ற ஒருவனை மற்றவர்கள் ஆண்டவரிடம் கூட்டிவந்தார்கள். அவர் அவன் கையைப் பிடித்து ஊருக்கு வெளியே அழைத்துப்போய், அவன் கண்களைத் தொட்டார்.

அடுத்து நடந்தது மற்ற சுகமளிக்கும் சம்பவங்களில் நாம் காணாதது. அவனுக்கு ஏதாவது தெரிகிறதா என்று ஆண்டவரே விசாரிக்கிறார். அவனும் உள்ளதை உள்ளபடி சொல்லுகிறான். ஆட்கள் அசைவது தெரிகிறது, ஆனால் மனிதர் எது மரம் எது என்று உருவம் பிரியவில்லை என்பதே அவன் பதிலின் சாரம். ஆண்டவர் மறுபடியும் அவன் கண்களின்மேல் கைவைத்தார். அதன்பின் அவனுக்கு எல்லாம் தெளிவாயிற்று.

சீஷர்களின் கண்கள் படிப்படியாகத் திறந்ததற்கு இது ஓர் அடையாளம் என்று வேத அறிஞர் விளக்குவார்கள். அது நல்ல விளக்கமே. இன்றைக்கு நாம் சம்பவத்தின் நேரான பொருளில் நின்று, மூன்று படிகளைக் குறித்துக்கொள்வோம். முதலாவது, சுகமாக்கினவர் விசாரித்தார். இரண்டாவது, சுகம் பெற்றவன் உண்மையைச் சொன்னான். மூன்றாவது, இரண்டாம் முறை தொட அவர் வெட்கப்படவுமில்லை, சலித்துக்கொள்ளவுமில்லை. அரைப் பார்வையோடு அவன் வீட்டுக்குப் போய்விடவில்லை.

2. சோடாபுட்டி கண்ணாடியிலிருந்து லென்ஸ் வரை

நம் பட்டணத்தில் கண் வைத்தியத்துக்கு நீண்ட சரித்திரம் உண்டு. இன்று எழும்பூரில் இருக்கும் அரசு கண் மருத்துவமனை 1819-ல் தொடங்கப்பட்டது. மிஷன் ஊழியத்தில், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் விக்டர் ராம்போ 1940-களின் பிற்பகுதியில் கிராமங்களுக்கே போய்க் கண் முகாம்களை நடத்தினார்.

அந்தக் காலத்து முறையில், புரை விழுந்த இயற்கை லென்ஸை அதன் உறையோடு சேர்த்தே வெளியே எடுத்துவிடுவார்கள். உள்ளே வேறொன்றும் வைப்பதில்லை. அதற்குப் பதிலாகத் தடித்த கண்ணாடி கொடுப்பார்கள். நம் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் போட்டிருந்த சோடாபுட்டி கண்ணாடி அதுதான். அதன் வழியாகப் பார்த்தால் பொருள்கள் ஏறக்குறைய கால்பங்கு பெரிதாகத் தோன்றும். பக்கவாட்டில் வருவது சரியாகத் தெரியாது. கண்ணாடி உடைந்தாலோ கடலில் விழுந்தாலோ அந்த மனிதர் மறுபடியும் இருட்டில்தான்.

இந்த நிலையை மாற்றினவர் லண்டன் பட்டணத்துக் கண் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி. இரண்டாம் உலக யுத்தத்தில் போர் விமானங்களின் மேல்மூடி நொறுங்கி, அதன் துணுக்குகள் விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்தன. அந்தத் துணுக்குகளில் சில பல மாதங்கள் உள்ளேயே கிடந்தும் கண் அவற்றைப் பெரிதாக எதிர்க்கவில்லை என்பதை அவர் கவனித்தார். மேல்மூடி செய்த பொருளின் பெயர் பர்ஸ்பெக்ஸ். அதே வகைப் பொருளில் லென்ஸ் செய்து, 1949-ம் வருஷம் நவம்பர் 29-ம் தேதி, செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் முதன்முதலாக ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். அவர் காலத்துப் பெரிய மருத்துவர்கள் பலர் அதைக் கடுமையாய் எதிர்த்தார்கள். பிற்காலத்தில் ரிட்லியின் கண்களிலும் புரை விழுந்தது. தாம் கண்டுபிடித்த முறையிலேயே அவரும் லென்ஸ் வைத்துக்கொண்டார். இங்கிலாந்து அரசி அவருக்கு வீரத்திருத்தகைப் பட்டம் அளித்தது 2000-ல். அதற்கு அடுத்த வருஷம் அவர் காலமானார்.

நம் நாட்டில் லென்ஸ் வெகுநாள் பணக்காரரின் பொருளாகவே இருந்தது. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் வழியாக அந்த நிலை மாறத் தொடங்கியது. 1992-ல் அங்கே ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிறுவனம் உண்டாயிற்று. இறக்குமதி லென்ஸின் விலையில் ஒரு சிறு பங்குக்குத் தரமான லென்ஸ் கிடைத்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அது போகிறது. 1994 முதல் 2002 வரை உலக வங்கியின் உதவியோடு ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டத்தில் தமிழ்நாடும் ஒன்று. சோடாபுட்டி கண்ணாடி வழக்கொழிந்து, ஏழைக்கும் லென்ஸ் என்கிற நிலை வந்தது அந்த ஆண்டுகளில்தான்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். பழைய முறையில் உறையையும் சேர்த்து எடுத்ததால், உறை மங்குவது என்ற தொல்லையே இல்லை. புதிய முறையில் லென்ஸைத் தாங்கிப் பிடிக்க உறை வேண்டும். ஆகவே உறையை விட்டுவைக்கிறார்கள். பெரிய நன்மையோடு கூடவே வந்த சிறிய தொல்லை இது.

3. திராட்சைப் பழமும் அதன் தோலும்

நம் கண்ணின் இயற்கை லென்ஸை ஒரு பச்சைத் திராட்சைப் பழமாக எண்ணிக்கொள்ளுங்கள். வெளியே மெல்லிய தோல், உள்ளே சதை. சதை வெளுத்துக் கலங்குவதே கண்புரை. மருத்துவர் முன்பக்கத் தோலில் வட்டமாக ஒரு திறப்பு உண்டாக்கி, கலங்கின சதையை எடுத்துவிடுகிறார். பின்பக்கத் தோலும் ஓரங்களும் ஒரு சிறு பைபோல் அப்படியே நிற்கின்றன. அந்தப் பைக்குள் புதிய லென்ஸை வைக்கிறார். பின்பக்கத் தோல் ஒரு தலைமயிரின் பருமனைவிடப் பல மடங்கு மெல்லியது. கண்ணாடி போலத் தெளிவானது. அதன் வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே போய் விழித்திரையில் விழவேண்டும்.

பையின் ஓரத்தில், எவ்வளவு கவனமாய்த் துடைத்தாலும், பழைய லென்ஸின் உயிரணுக்கள் சில ஒட்டிக்கொண்டிருக்கும். இது மருத்துவரின் கைக்குறை அல்ல. உயிருள்ள அணுக்களுக்குப் பெருகுகிற சுபாவம் உண்டு. அவை மெல்லப் பெருகி, பின்பக்கத் தோலின்மேல் நடுப்பகுதியை நோக்கி நகர்ந்துவருகின்றன. சில இடத்தில் ஜவ்வரிசி மணிகளைப்போல் திரளுகின்றன. சில இடத்தில் தழும்பைப்போல் தோலைச் சுருக்கி வெளுக்கச் செய்கின்றன. இதைத்தான் மருத்துவர், "லென்ஸுக்குப் பின்னால் சவ்வு படர்ந்திருக்கிறது" என்று நோயாளிக்குச் சொல்லுகிறார். வைத்த லென்ஸ் தெளிவாகவே இருக்கிறது. அதன் பின்னால் உள்ள சவ்வுதான் மங்கியிருக்கிறது. ஜன்னல் கண்ணாடி சுத்தமாயிருந்தும் பின்னால் தொங்கும் திரை பழுப்பேறினால் வெளிச்சம் குறையுமல்லவா, அதுபோல.

இது சிலருக்குச் சில மாதங்களில் வரும், சிலருக்குச் சில வருஷங்கள் கழித்து வரும், பலருக்கு வராமலே போகும். வயது குறைந்தவர்களுக்கு அதிகமாக வரும், ஏனெனில் அவர்களுடைய அணுக்கள் வேகமாய்ப் பெருகும். சிறு பிள்ளைகளுக்குப் பின் தோலை அப்படியே விட்டுவைத்தால் ஏறக்குறைய எல்லாருக்குமே படரும். ஆகவே பிள்ளைகளின் கண்ணில் முதல் அறுவையின்போதே பின்பக்கத் தோலிலும் திறப்பு உண்டாக்கிவிடுவது வழக்கம்.

அறிகுறிகள் எளியவை. வலி இராது, சிவப்பு இராது. பார்வை கொஞ்சங்கொஞ்சமாய் மங்கும். வாசிக்கும்போது எழுத்து கரைந்ததுபோல் இருக்கும். எதிரே வரும் வெளிச்சம் சிதறிக் கூசும். விடியற்காலை மூன்று மணிக்குக் காசிமேடு துறைமுகத்துக்கு ஏலத்துக்குப் போகிற ஒரு தாயாரை நினைத்துப் பாருங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாய் வருகின்றன. அவற்றின் விளக்கு வெளிச்சம் அந்தத் தாயாரின் கண்ணில் பட்டு எங்கும் சிதறுகிறது. சாலையைக் கடக்கவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. பகலில் கைக்கடங்கின வேலையைச் செய்துவிடுகிறார். ஆகவே வீட்டில் உள்ளவர்களுக்கு அவருடைய கஷ்டம் தெரிவதில்லை. அவர் மெல்ல மெல்ல ஏலத்துக்குப் போவதை நிறுத்திவிடுகிறார். குடும்பத்தின் வருமானமும் நின்றுபோகிறது.

4. கத்தியில்லாத சிகிச்சை

இந்தச் சவ்வுக்கு மறுபடியும் ஆபரேஷன் தேவையில்லை. முன்னே ஊசியாலோ சிறு கத்தியாலோ கண்ணுக்குள் சென்று சவ்வைக் கீறவேண்டியிருந்தது. 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாரிஸ் நகரத்து டாக்டர் டானியல் ஆரோன்-ரோசாவும், சுவிட்சர்லாந்து நாட்டு டாக்டர் ஃபிரான்ஸ் ஃபங்க்ஹவுசரும் இதற்கு யாக் லேசர் என்னும் ஒளிக்கருவியைப் பயன்படுத்தும் முறையை உண்டாக்கினார்கள். இன்று உலகமெங்கும் அதுவே வழக்கம்.

நோயாளி படுக்கத் தேவையில்லை, ஊசி தேவையில்லை. கண்மணி விரியச் சொட்டு மருந்து விடுவார்கள். பிறகு கருவியின் முன் உட்கார்ந்து, மோவாயைத் தாங்கியில் வைத்து, நேரே பார்க்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒளித்துடிப்புகள் லென்ஸைத் தாண்டிப் போய்ச் சவ்வில் படும். நோயாளிக்குக் கேட்பதெல்லாம் சிறு சொடுக்குச் சத்தம். சவ்வின் நடுவில் மூன்று நான்கு மில்லிமீட்டர் அளவில் ஒரு திறப்பு உண்டாகிறது. சில நிமிஷங்களில் எழுந்து அன்றே வீட்டுக்குப் போகலாம். விழித்திரை நன்றாயிருந்தால், பெரும்பாலோருக்கு ஓரிரு நாளில் பார்வை தெளிந்துவிடும். திறந்த இடம் பெரியவர்களுக்குப் பொதுவாய் மறுபடியும் மூடுவதில்லை. பலருக்கு வாழ்நாளில் ஒருமுறை போதும்.

எந்தச் சிகிச்சைக்கும் எச்சரிக்கைகள் உண்டு. லேசருக்குப் பின் சிலருக்குக் கண் அழுத்தம் சற்று உயரும். அதற்காகவே மருத்துவர் அழுத்தத்தை மறுபடி பார்த்து, சொட்டு மருந்து கொடுக்கிறார். சில நாட்கள் கண்முன் பூச்சி பறப்பதுபோல் தோன்றலாம். அது பெரும்பாலும் தானே குறைந்துவிடும். அபூர்வமாக விழித்திரை விலகுவதுண்டு. மின்னல் வெட்டுவதுபோல் வெளிச்சம், கூட்டமாய்க் கரும்புள்ளிகள், பார்வையின் ஓரத்தில் திரை இறங்குவது ஆகிய இம்மூன்றில் எதைக் கண்டாலும் நாள் கடத்தாமல் அன்றே கண் மருத்துவரிடம் போகவேண்டும். இதை நோயாளிக்கும் அவரோடு வந்தவருக்கும் தெளிவாய்ச் சொல்லி அனுப்பவேண்டும்.

5. எல்லா மங்கலும் ஒன்றல்ல

ஆபரேஷன் செய்த கண் மங்கினால், "லேசர் வைத்தால் போதும்" என்று நாமாகவே தீர்மானிக்கக்கூடாது. கண்மணியை விரித்து, ஸ்லிட் லாம்ப் என்னும் கருவியில் மருத்துவர் பார்த்தே சொல்லவேண்டும். காரணம், மங்கலுக்கு வேறு இடங்களும் உண்டு.

அபூர்வமாக, உள்ளே வைத்த லென்ஸே மங்குவதுண்டு. தண்ணீரை ஏற்கும் தன்மையுள்ள ஒருவகை அக்ரிலிக் லென்ஸ்களின் மேலோ உள்ளேயோ சுண்ணச்சத்து நுண்மணிகளாய்ப் படிகிறது. 1990-களின் இறுதியில் பல நாடுகளில் பயன்பட்ட ஹைட்ரோவியூ என்ற லென்ஸில் இது கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பெட்டியில் இருந்த சிலிக்கோன் பொருள் லென்ஸில் கசிந்ததே காரணம் என்று ஆராய்ந்து, பெட்டியை மாற்றினார்கள். விழித்திரைச் சிகிச்சைக்காகக் கண்ணுக்குள் வாயு செலுத்தப்பட்ட சிலருக்கும், அவ்வகை லென்ஸில் இப்படிப் படிவது உண்டு. பழைய பர்ஸ்பெக்ஸ் வகை லென்ஸ்கள் சிலவற்றில், பத்து வருஷத்துக்கும் மேல் கழிந்தபின் பனித்துகள் போன்ற மங்கல் காணப்பட்டதும் உண்டு.

இப்படி லென்ஸே மங்கியிருந்தால் லேசர் உதவாது. லென்ஸை எடுத்து வேறொன்று வைக்கவேண்டும். அது முதல் அறுவையைவிடக் கடினமானது. இங்கேதான் ஆபத்து இருக்கிறது. சவ்வு என்று தவறாய் எண்ணி முதலில் லேசர் செய்துவிட்டால், லென்ஸைத் தாங்கும் பின் தோல் திறந்துபோகும். பிறகு லென்ஸை மாற்றுவது இன்னும் சிக்கலாகிவிடும். ஆகவே மங்கியது எந்த அடுக்கு என்று அறிவதே சிகிச்சையில் பாதி.

சர்க்கரை வியாதியால் விழித்திரை கெட்டிருக்கலாம். கண் அழுத்த நோய் நரம்பைத் தின்றிருக்கலாம். சில வேளை கண்ணாடியின் பவர் மாறியிருக்கலாம். சவ்வைத் திறந்தும் பார்வை தெளியாவிட்டால் இவற்றில் ஒன்று பின்னால் நிற்கிறது. அதைக் காலத்தோடு கண்டால்தான் எஞ்சிய பார்வையைக் காக்கமுடியும்.

இதனால் நாம் ஒவ்வொரு நோயாளிக்கும் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. ஆபரேஷனுக்குப் பின் கொடுக்கும் சீட்டையும், லென்ஸின் பெயரும் பவரும் எண்ணும் ஒட்டியிருக்கும் அட்டையையும் பத்திரமாய் வைக்கவேண்டும். ரேஷன் கார்டோடும் ஆதார் அட்டையோடும் அதையும் சேர்த்து வையுங்கள். எந்த லென்ஸ் உள்ளே இருக்கிறது என்று பத்து வருஷம் கழித்து அறிய அந்தச் சிறு தாள்தான் வழி.

6. நம் பகுதியில் கேட்கப்படும் கேள்விகள்

"எண்ணூர் சாம்பலும் மணலி புகையும் லென்ஸில் படிந்துவிட்டதா?" இல்லை. வெளித்தூசி கண்ணின் மேற்பரப்பை உறுத்தும், சிவக்கச் செய்யும், நீர் வடியச் செய்யும். லென்ஸ் இருக்கும் இடத்துக்கு அது போய்ச் சேராது. நம் பகுதியின் காற்றைக் குறித்து நமக்கு நியாயமான துக்கம் உண்டு. ஆனாலும் இந்தச் சவ்வுக்கு அது காரணமல்ல. அதை நம்பி, "இந்த ஊரில் இருக்கும்வரை கண் தெளியாது" என்று ஒருவர் சிகிச்சைக்கு வராமலிருந்தால் அதுவே நஷ்டம்.

"கடலோரத்து வெயில் கெடுதியா?" கண்புரை விஷயத்தில் ஆம். அமெரிக்காவின் செசபீக் வளைகுடாவில் கடல்தொழில் செய்வோரை ஆராய்ந்து 1988-ல் வெளியான அறிக்கை, வெயிலின் புற ஊதாக் கதிரை அதிகம் ஏற்றவர்களுக்கு ஒருவகைப் புரை அதிகமாய் வந்ததைக் காட்டிற்று. படகில் போகிறவர்கள் அகலமான தொப்பியும் தகுந்த கறுப்புக் கண்ணாடியும் அணிவது நல்லது. சவ்வு படர்வதோ உள்ளிருக்கும் அணுக்களின் வேலை.

"சொட்டு மருந்தில் கரையுமா?" கரையாது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிவிடும் சொட்டு மருந்து பணத்தையும் நாட்களையும் கரைக்கும். சிலவகைச் சொட்டுகளைத் தொடர்ந்து விட்டால் கண் அழுத்தமே ஏறிவிடும்.

"இலவச லென்ஸ் என்பதால் இப்படி ஆயிற்றா?" இந்தக் கேள்வி ஏழைகளின் மனதைப் புண்படுத்துகிற கேள்வி. ஆகவே தெளிவாய்ப் பதில் சொல்லுவோம். விலை உயர்ந்த லென்ஸ் வைத்தவர்களுக்கும் சவ்வு படர்கிறது. லென்ஸின் ஓரம் வட்டமாய் வழவழப்பாயிருந்தால் அணுக்கள் எளிதில் பின்னே நழுவிப் போகின்றன. ஓரம் சதுரமாய்க் கூர்மையாயிருந்தால், அது தோலில் அழுந்தி வரப்பைப்போல் தடுக்கிறது. மதுரை அரவிந்த் மருத்துவமனையில், ஒரே நோயாளியின் ஒரு கண்ணில் சதுர ஓரமுள்ள பர்ஸ்பெக்ஸ் வகை லென்ஸும் மறு கண்ணில் வட்ட ஓரமுள்ளதும் வைத்து, ஒன்பது வருஷம் கழித்தும் பார்த்தார்கள். 2017-ல் வெளியான அந்த ஆய்வில், சதுர ஓரம் உள்ள கண்ணில் சவ்வு தெளிவாகவே குறைந்திருந்தது. அதுவும் எளிய விலை லென்ஸே. ஆகவே ஏழைக்கு எந்த லென்ஸ் வாங்கப்படுகிறது என்று விசாரிப்பதும் காணிக்கை கொடுப்பவரின் உரிமை, கடமையும்கூட.

7. விசாரிக்கிற சபை

இப்போது வேத பகுதிக்குத் திரும்புவோம். பெத்சாயிதாவின் மனிதன் உள்ளதைச் சொன்னான். நம் ஏழைகளுக்கு அப்படிச் சொல்லுவது எளிதல்ல. இலவசமாய்ச் சிகிச்சை பெற்றவர், "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "நல்லா தெரியுதுங்க ஐயா" என்றுதான் சொல்லுவார். நன்றிகெட்டவர் என்று எவரும் எண்ணிவிடக்கூடாதே என்கிற பயம் அவருக்கு. அந்த மரியாதையான பதிலில் மகிழ்ந்து நாம் திரும்பிவிட்டால், அவருடைய இருட்டை நாமே மூடிவைத்தவர்களாவோம். கேள்வி கேட்பது மட்டும் போதாது. உண்மையைச் சொல்ல அவருக்குத் தைரியம் வரும்படி கேட்கவேண்டும். "தெரியாவிட்டால் சொல்லுங்கள் அம்மா. அதற்கும் வைத்தியம் இருக்கிறது, செலவுமில்லை" என்று முதலில் நாம் சொல்லிவிட்டால், பதில் தானே மாறும்.

அடுத்தது, திரும்பி வரும் வழி. 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்துவிட்டது. மின்சார ரயிலும் பஸ்ஸும் உண்டு. தூரம் இப்போது பெரிய தடையல்ல. வயதானவர் தனியாய் வரமுடியாது. கூட வரும் மகனோ மருமகளோ ஒருநாள் கூலியை இழக்கவேண்டும். கண்மணி விரிக்க மருந்து விட்டால் அன்று முழுதும் வேலை ஓடாது. "கிழவிக்கு இனிமேல் என்ன பார்க்கவேண்டியிருக்கிறது" என்று ஒரு வார்த்தை வீட்டில் விழுந்துவிட்டால், அவர் மறுபடி வாய் திறக்கமாட்டார். சில நிமிஷச் சிகிச்சைக்கும் அவருக்கும் நடுவே நிற்பவை இவைதான்.

ஆகவே பங்காளர்களுக்கு எங்கள் தாழ்மையான யோசனை இது. ஒருவருக்கு ஆபரேஷனுக்காகக் காணிக்கை அனுப்பும்போது, அவர் ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வருவதற்கும் சேர்த்து நினையுங்கள். ஆட்டோ கட்டணம், கூட வருபவரின் ஒருநாள் கூலி, ஞாபகப்படுத்தும் ஒரு தொலைபேசி அழைப்பு, சபையிலிருந்து வீடு தேடிப் போகும் ஒரு சகோதரி, இவையெல்லாம் கண் ஊழியத்தின் பகுதியே. எத்தனை பேருக்கு ஆபரேஷன் நடந்தது என்று அறிக்கையில் வாசிக்கிறோம். எத்தனை பேரைத் திரும்ப விசாரித்தோம், எத்தனை பேர் மறுபடி வந்து பார்வை தெளிந்து போனார்கள் என்றும் எங்களைக் கேளுங்கள். அந்தக் கேள்வி எங்களைச் சோதிப்பதல்ல, ஊழியத்தை முழுமையாக்குவது.

சபையிலே எளிதாய்ச் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. கண் ஆபரேஷன் செய்துகொண்ட பெரியவரை, சுவரில் மாட்டிய தினசரி காலண்டருக்கு எதிரே பத்தடி தூரத்தில் உட்காரவையுங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, பெரிய தேதி எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து பார்க்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணின் குறையை மறைத்துவிடும். ஆகவே ஒவ்வொன்றாய்ப் பார்ப்பது அவசியம். முன்பு தெரிந்தது இப்போது தெரியவில்லை என்றால், சீட்டையும் லென்ஸ் அட்டையையும் எடுத்துக்கொண்டு கண் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். எழும்பூர் அரசு மருத்துவமனையோ, அவர் சிகிச்சை பெற்ற இடமோ, எதுவானாலும் சரி. போவதுதான் முக்கியம்.

பெத்சாயிதாவின் மனிதன் முதல் தொடுதலோடு திரும்பியிருந்தால், வாழ்நாள் முழுதும் மனிதரை மரங்களாகவே பார்த்திருப்பான். ஊராரும் அவனுக்குப் பார்வை வந்துவிட்டது என்றே சொல்லியிருப்பார்கள். அவனுடைய மங்கலை அறிந்தவர், அவனை விசாரித்த ஒருவர்தான்.

குழுவாகச் சிந்திக்க

1. நம் சபையில் கண் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் யார் யார்? கடைசியாக அவர்களுடைய பார்வையைக் குறித்து நாம் விசாரித்தது எப்போது?

2. உதவி பெற்றவர் தம் குறையை நம்மிடம் தைரியமாய்ச் சொல்ல முடிகிறதா? எது அவரைத் தடுக்கிறது?

3. நாம் ஒருமுறை செய்து முடித்ததாக எண்ணும் வேறு எந்த உதவிக்கு இரண்டாவது தொடுதல் தேவைப்படுகிறது?

ஜெபிக்க

பார்வை மங்கியும் வெளியே சொல்லாமல் வீட்டிலிருக்கும் முதியவர்களுக்காகவும், அவர்களை அழைத்துவரும் பிள்ளைகளுக்காகவும், மங்கியது எந்த அடுக்கு என்று நிதானித்து அறியும் மருத்துவர்களுக்காகவும், லேசர் அறையில் பொறுமையோடு பணிசெய்யும் செவிலியருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். தொடங்கினதை முடிக்கும் கிருபையை ஆண்டவர் நம் எல்லாருக்கும் தந்தருள்வாராக. ஆமென்.

ஊழியத்தில் உங்களோடு,
மருத்துவமனை ஆயர்